வெயில் முதலில், இலை பிறகு

பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்குப் போகும் சாலை பருத்திப்பட்டு அருகே கூவம் ஆற்றைக் கடக்கிறது. இன்று அந்த வழியில் போகிறவர்களுக்கு இரண்டு பக்கமும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் கல்லூரிக் கட்டடங்களும் கல்யாண மண்டபங்களும்தான் கண்ணில் படும். 1970-களில் அங்கே நெல் விளைந்தது. எல்லாம் ஏரித் தண்ணீரை நம்பிய ஊர்கள். சித்திரையில் விதைத்து ஆவணியில் அறுக்கும் சொர்ணவாரி, ஆவணியில் தொடங்கித் தையில் அறுக்கும் சம்பா, ஏரியில் தண்ணீர் மிஞ்சியிருந்தால் நவரை. அறுத்த வயலில் பச்சைப்பயறும் உளுந்தும் தெளிப்பார்கள். வரப்பில் துவரை நிற்கும். எங்கள் ஆயா வீடு அந்த ஊர்களில் ஒன்றில் இருந்தது.

அறுப்பும் அடிப்பும் முடிந்தால் வயல் வேலை முடிந்தது. ஆயாவுக்கு அப்போதுதான் வேலை தொடங்கும். தையில் வீட்டுக்கு வந்த நெல் ஆவணி வரை இருக்க வேண்டும். மாசி, பங்குனியில் வந்த பயறு அடுத்த வருஷம் வரை வர வேண்டும். இடையில் கத்திரி வெயில். அதன் பிறகு ஐப்பசி, கார்த்திகை அடைமழை. வெக்கையும் ஈரமும் மாறி மாறி வரும் எங்கள் பக்கம் அரிசி வண்டுக்கும் அந்துப்பூச்சிக்கும் பயறு வண்டுக்கும் தாய்வீடு மாதிரி. அந்த வீட்டில் ஒரு வருஷத்துச் சாப்பாட்டை அவற்றின் வாயில் விழாமல் காத்தவர் ஆயா. அவர் கையில் இருந்தவை வெயிலும் மண்ணும் எண்ணெயும் சில இலைகளும் ஒரு கிழங்கும். அம்பத்தூரில் உயிரியல் ஆசிரியராக இருந்த வருஷங்களில் அவை ஒவ்வொன்றும் ஏன் வேலை செய்தன என்று தேடித் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, ஆயா அவற்றைப் போட்ட வரிசைதான் முக்கியம் என்று புரிந்தது.

முதல் வேலை குதிரைக் காலி செய்வது. களிமண்ணும் வைக்கோலும் பிசைந்து உறை உறையாக அடுக்கிய குதிர் அது. அடியில் நெல் சரிவதற்கு ஒரு துளை. அதற்கு ஒரு துணி அடைப்பு. பழைய நெல்லில் ஒரு மணிகூட உள்ளே தங்கக் கூடாது. சிறுமியான என்னைத்தான் உள்ளே இறக்குவார்கள். மூலை முடுக்கெல்லாம் துடைப்பத்தால் வழித்து, தூசியையும் பதரையும் கூட்டி மேலே கொடுக்க வேண்டும். அதை ஆயா குப்பையில் கொட்ட மாட்டார், அடுப்பில் போட்டுவிடுவார். பிறகு சாணமும் மண்ணும் கரைத்து உள்ளும் புறமும் மெழுகி, விரிசல்களை அடைத்துக் காயவிடுவார். போன வருஷத்துப் பூச்சி புது நெல்லுக்கு ஏறுவது இப்படி மிஞ்சிய மணியிலிருந்தும் விரிசலிலிருந்தும்தான் என்பதைத் தானியக் கிடங்குப் பாடப் புத்தகங்கள் முதல் அத்தியாயத்திலேயே சொல்கின்றன.

அடுத்தது வெயில். களத்தில் நெல்லை மெல்லிசாகப் பரப்பிக் காலால் கோடு கிழித்துக் கிளறுவோம். உச்சி வெயிலில் ஒரேயடியாகக் காய்ந்தால் அரிசி நொறுங்கும் என்று நடுவில் கூட்டிக் குவித்துவிட்டு மீண்டும் பரப்பச் சொல்வார். காய்ந்ததா என்று பார்க்க அவருக்குக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. ஒரு மணியைக் கடைவாயில் வைத்துக் கடிப்பார். 'டக்'கென்று உடைந்தால் சரி. நசுங்கினால் இன்னொரு நாள் வெயில். இன்று நெல்லை நீண்ட நாள் வைத்திருக்க ஈரப்பதம் 12, 13 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்கிறார்கள். அரசுக் கொள்முதல் நிலையத்தில் வாங்கும்போது 17 விழுக்காடு வரை ஏற்கிறார்கள். அந்த ஈரத்தோடு நெல்லை அப்படியே மாதக்கணக்கில் வைக்க முடியாது. ஆயாவின் பல் அந்த இடைவெளியை அளந்தது.

காய்ந்த நெல்லை உடனே கொட்டவும் விட மாட்டார். சூடு ஆற வேண்டும். சூட்டோடு குதிரில் போட்டால் உள்ளே வேர்க்கும், மேல் அடுக்கு ஈரம் பிடிக்கும், அந்த ஈரத்தில் பூஞ்சையும் பூச்சியும் வரும். பக்கத்து வீட்டு அத்தை ஒருமுறை வேப்பிலையைக் கூடை கூடையாகப் பறித்து வந்து, "இத்தனை எலை போட்டா போதுமா ஆயா?" என்று கேட்டார். ஆயா அவர் வீட்டு நெல்லை ஒரு பிடி அள்ளிக் கடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "காயாத நெல்லுக்கு எந்த எலையும் காவல் இல்லம்மா. மொதல்ல வெயிலு. அப்புறம்தான் எலை."

அந்த இலையையும் அவர் பச்சையாகப் போட்டதில்லை. வேப்பிலையையும் நொச்சியையும் கொத்தாகக் கட்டித் தாழ்வாரத்து நிழலில் தொங்கவிடுவார். காய்ந்து உருவினால் உதிரும் பதம் வந்த பிறகுதான் குதிருக்குப் போகும். ஒரு முழ உயரம் நெல், அதன் மேல் இலை, மீண்டும் நெல் என்று அடுக்குவார். பச்சை இலையைப் போட்டால் அதன் ஈரம் நெல்லுக்கு இறங்கும் என்பது அவர் சொன்ன காரணம். நிழல் ஏன் என்று கேட்டதற்கு, "வெயில்ல காஞ்ச எலையில சத்து இருக்காதுடி கண்ணு" என்றார். வேம்பின் முக்கியமான பூச்சி விரட்டிப் பொருளான அசாடிராக்டினை இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் பட்டர்வொர்த், மார்கன் என்ற இருவர் 1968-இல் வேப்பங்கொட்டையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். வெளிச்சம் பட்டால், அதுவும் வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால், அது சிதைந்துவிடும் என்பது அதற்குப் பிறகு வந்த ஆராய்ச்சி. அதைப் படித்த அன்று தாழ்வாரத்தில் தொங்கிய வேப்பங்கொத்துதான் நினைவுக்கு வந்தது.

இலையைவிட விதையில் இந்தப் பொருள் பல மடங்கு அதிகம். ஆனி, ஆடியில் வேப்பம்பழம் உதிரும். திருவேற்காடு கருமாரியம்மன் கோயிலுக்கு ஆடி மாதம் வேப்பிலை கட்டி நடந்து போகிறவர்கள் எங்கள் தெரு வழியாகத்தான் போவார்கள். அதே நாட்களில் நாங்கள் பிள்ளைகள் மரத்தடியில் பழம் பொறுக்கிக் கொண்டிருப்போம். சதையைக் கழுவி, கொட்டையை நிழலில் காயவைத்து, செக்குக்குக் கொடுத்து எண்ணெய் எடுப்பார்கள். மிச்சக் கொட்டையை இடித்து மூட்டைகளின் அடியிலும் சுவரோரமும் தூவுவார் ஆயா. 1959-இல் சூடானில் வெட்டுக்கிளிக் கூட்டம் வந்து எல்லா மரத்தையும் மொட்டையடித்தபோது வேப்பமரம் மட்டும் தழையோடு நின்றதை ஜெர்மானியப் பூச்சியியலாளர் ஹைன்ரிஷ் ஷ்முட்டரர் கண்டார். டெல்லியில் எஸ். பிரதானும் அவரோடு இருந்தவர்களும் 1960-களின் தொடக்கத்தில் வேப்பங்கொட்டைக் கரைசலைத் தெளித்துப் பயிரை வெட்டுக்கிளியிடமிருந்து காத்துக் காட்டினார்கள். உலகம் வேம்பைப் பூச்சி விரட்டியாகப் பரவலாக ஆராயத் தொடங்கியது அதன் பிறகுதான். எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு அது அன்றாட வேலையாக இருந்தது.

இலைக்கு எவ்வளவு சக்தி, அது எங்கே நின்றுவிடும் என்பதைச் சொல்லாமல் புகழ்வதில் எனக்கு விருப்பமில்லை. அரிசி வண்டின் வாழ்க்கையைப் பாருங்கள். பெண் வண்டு தன் நீண்ட மூக்கால் மணியில் குழி தோண்டும். அதில் ஒரு முட்டை இட்டு, பசை போன்ற ஒன்றால் வாயை மூடிவிடும். புழு உள்ளேயே பிறந்து, உள்ளேயே தின்று, உள்ளேயே கூட்டுப்புழுவாகி, ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து வண்டாக மணியைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். ஒரு பெண் தன் ஆயுளில் சுமார் 300 முட்டை வரை இடும். மணிக்குள் இருக்கும் புழுவை வெளியில் கிடக்கும் வேப்பிலை எப்படித் தொடும்? இலையின் வாசனை வருகிற வண்டை விலக்கும், இனப்பெருக்கத்தை மந்தப்படுத்தும். உள்ளே ஏற்கெனவே குடியேறிய புழுவை எதுவும் செய்யாது. அதனால்தான் புழுவோடு நெல் குதிருக்குள் போகாதபடி வெயில் முதலில் வர வேண்டியிருந்தது.

ஆயா வீட்டில் அரிசியாக்கிச் சேமிக்கும் பழக்கம் கிடையாது. நெல்லாக வைத்து, வேண்டும்போது வேண்டிய அளவு ஆலைக்கு அனுப்புவார். பழுதில்லாத உமி அரிசி வண்டுக்குக் கெட்டிக் கதவு. அந்துப்பூச்சியும் நெல் துளைப்பானும் மட்டுமே உமியைத் தாண்டிப் போகக் கூடியவை. ஆலையிலிருந்து வந்த அரிசியை முதலில் புடைத்து, நொய்யைத் தனியாக எடுத்துவிடுவார். சிவப்பு மாவு வண்டு முழு மணியைத் துளைக்க வல்லதில்லை. நொய்யும் தவிட்டுத் தூசியும்தான் அதற்குத் தீனி. முறத்தில் புடைக்கிற வேலை அந்தத் தீனியை எடுத்துவிடும் வேலையாகவும் இருந்தது. அரிசிப் பானையில் காய்ந்த மிளகாயும் ஒரு கொத்து வேப்பிலையும் அதற்குப் பிறகுதான் விழும்.

பயறுக்கு வேறு வழி. பயறு வண்டு முட்டையை மணிக்குள் வைப்பதில்லை. மேல்தோலில் ஒட்டிவைக்கும். பச்சைப்பயறின் மேல் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அதுதான் முட்டை. புழு அங்கிருந்து நேராக மணிக்குள் இறங்கும். மூடி இறுக்கிய டப்பாவில் வண்டு எப்படி வந்தது என்று பலர் கேட்பார்கள். அது பெரும்பாலும் வயலிலிருந்தே வருகிறது. செடியில் நெற்று முற்றும்போதே வண்டு முட்டை இட்டுவிடும். நாம் டப்பாவில் அடைப்பது பயறையும் முட்டையையும் சேர்த்துத்தான்.

ஆயா பயறை நன்றாகக் காயவைத்து ஆறவிட்டு, முறத்தில் பரப்பி, உள்ளங்கையில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு பிசறுவார். எண்ணெய் சொட்டக் கூடாது. ஒவ்வொரு மணியிலும் ஒரு மினுமினுப்பு வந்தால் போதும். என்னையும் உட்காரவைத்துப் பிசறச் சொல்வார். அவசரப்பட்டு மேலோடு கலக்கினால், கையைப் பிடித்து அடியிலிருந்து புரட்டக் காட்டுவார். மேல்தோலில் ஒட்டிய முட்டைக்குக் காற்று முட்டையின் ஓட்டு வழியாகத்தான் போக வேண்டும். எண்ணெய்ப் படலம் அதை மூடிவிடுகிறது. முட்டைக்குள்ளேயே புழு மூச்சடைத்துச் சாகிறது. மேலும், எண்ணெய் பூசிய வழவழப்பில் வண்டு முட்டையை ஒட்டவும் முடிவதில்லை. ஒரு கிலோ பயறுக்கு 5 முதல் 10 மில்லி எண்ணெய் என்பது இன்று ஆராய்ச்சியாளர்கள் சொல்லும் அளவு. ஆயாவின் உள்ளங்கை அளவும் அதை ஒட்டித்தான் இருந்திருக்கும். முட்டை வெளியே இருக்கும் பூச்சிக்கு எண்ணெய் வேலை செய்யும். முட்டையை மணிக்குள் புதைக்கும் பூச்சியை அது அந்த அளவுக்குக் கட்டுப்படுத்தாது. எந்தத் தானியத்துக்கு எது என்று அவர் தெரிந்து வைத்திருந்தார்.

துவரைக்குச் செம்மண். செங்குன்றம் பக்கத்திலிருந்து வரும் செம்மண்ணைச் சலித்து வைத்திருப்பார். துவரையை ஊறவைத்து வடித்து, மண்ணைக் குழம்பாகக் கரைத்து அதில் புரட்டிக் குவித்துவிட்டு, ஒரு ராத்திரி சாக்கால் மூடி வைப்பார். மறுநாள் களத்தில் பரப்பினால் செந்நிறக் கூழாங்கல் கொட்டிக் கிடப்பதாகவே தெரியும். நாலைந்து வெயில் பட்டதும் மண் ஒவ்வொரு மணியையும் சுற்றி மெல்லிய ஓடாகக் கட்டிக்கொள்ளும். வண்டுக்கு முட்டை ஒட்ட இடமில்லை. ஒட்டி நகரப் பார்த்தால் அந்தத் துகள் அதன் உடம்பின் மெழுகுப் பூச்சைச் சுரண்டும். உடம்பின் ஈரம் வெளியேறிப் பூச்சி வறண்டு சாகும். சாம்பலும் இதே வேலையைச் செய்யும். கோவை வேளாண் பல்கலைக்கழகம் விதைப் பயறுக்கு நூறு கிலோவுக்கு ஒரு கிலோ வீதம் கயோலின் களிமண் தூளைக் கலக்கச் சொல்வதும் இதே அடிப்படையில்தான். உடைக்கும் நாளில் மண்ணைத் தேய்த்துக் கழுவி எடுத்த அந்தப் பருப்பின் மணமும் ருசியும் பிறகு எந்தப் பாக்கெட்டிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

வசம்பு மட்டும் தனிக் கணக்கு. விதை நெல்லும் விதைப் பயறும் இருக்கும் பானைகளில்தான் அது போகும். காய்ந்த வசம்பை இடித்துத் துணியில் முடிந்து, பானையின் அடியிலும் நடுவிலும் வாய்ப்பக்கத்திலும் வைப்பார். பானை வாயைத் துணியால் கட்டி மண்ணால் பூசிவிடுவார். அந்தப் பானையிலிருந்து ஒரு பிடிகூடச் சமையலுக்குப் போகாது. வீட்டில் அரிசி தீர்ந்துபோன ஒரு மழைக்காலத்தில் அம்மா அதைக் கேட்டபோது, "அது மருந்து போட்ட பானை. கடன் வாங்கினாலும் வாங்குவேன், அதுல கை வெக்க மாட்டேன்" என்றார் ஆயா. வசம்பில் இருக்கும் ஆசரோன் என்ற பொருள் பெண் பூச்சியின் சினைப்பையைப் பாதித்து முட்டை உருவாவதைத் தடுக்கிறது. அப்படிப்பட்ட பொருள் மனிதருக்கும் அளவு மீறினால் நல்லதில்லை. எலிகளில் நடந்த சோதனைகளுக்குப் பிறகு, அமெரிக்க அரசு 1968-இல் வசம்பை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. செடியிலிருந்து வந்தது என்பதாலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடாது. எது சாப்பாட்டுக்கு, எது விதைக்கு என்று பானையைப் பிரித்து வைத்ததில் இருந்த பொறுப்பை, இயற்கை மருந்து பற்றிப் பேசும் எல்லோரும் முதலில் கற்றுக்கொள்ள வேண்டும்.

மாதம் தவறாமல் இன்னொன்றும் நடக்கும். அமாவாசையன்று பயறுப் பானைகள் களத்துக்கு வரும். அன்று காயவைத்தால் வண்டு விழாது என்பது ஊர் வழக்கம். நிலாவுக்கும் வண்டுக்கும் உள்ள தொடர்பை நான் தேடவில்லை. பயறு வண்டு முட்டையிலிருந்து வண்டாக எங்கள் பக்கத்து வெக்கையில் மூன்று, நான்கு வாரம் ஆகும். மாதத்துக்கு ஒருமுறை வெயில் காட்டினால், ஒரு தலைமுறை பெருகி அடுத்த தலைமுறைக்கு முட்டை இடுவதற்குள் அது பிடிபட்டுவிடும். சித்திரை வெயிலில் களத்துத் தரையின் சூடு எந்தப் புழுவும் தாங்கக் கூடியதில்லை. நாள்காட்டி வாங்காத வீட்டுக்கு அமாவாசைதான் நினைவூட்டல். அதைவிட முக்கியம், மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பானைக்குள்ளும் ஒரு கை போய்த் துழாவி, முகர்ந்து, அள்ளிப் பார்த்தது.

என் பெரியப்பா ஆவடியில் இந்திய உணவுக் கழகக் கிடங்கில் மூட்டை தூக்கும் வேலை பார்த்தார். 1965 ஜனவரி 14 அன்று தஞ்சாவூரில் தன் முதல் மாவட்ட அலுவலகத்தைத் திறந்த கழகம் அது. நாட்டின் பெரிய தானியக் காவலாளி. கிடங்கைப் பற்றிப் பெரியப்பா சொல்லும் கதைகளை நாங்கள் வாய் பிளந்து கேட்போம். தரையில் படாமல் மரச் சட்டத்தின் மேல் அடுக்கிய 'அட்டி' கூரையைத் தொடும். மருந்து போடும் நாளில் அட்டி முழுவதையும் பெரிய பிளாஸ்டிக் போர்வையால் மூடி, விளிம்பில் மணல் நிரப்பிய நீளப் பைகளை வைத்துக் காற்றுப் புகாமல் அழுத்திவிடுவார்கள். உள்ளே அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை. காற்றின் ஈரம் பட்டதும் அதிலிருந்து பாஸ்பீன் வாயு கிளம்பும். ஒரு டன்னுக்கு மூன்று கிராம் எடையுள்ள மூன்று மாத்திரை. ஒரு வாரம் யாரும் அந்தப் பக்கம் போகக் கூடாது. மணிக்குள் ஒளிந்திருக்கும் புழுவரை அந்த வாயு தேடிப் போய்க் கொல்லும்.

ஆயா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "போர்வையை எடுத்த பெறவு புதுசா ஒரு பூச்சி வந்தா?" என்றார்.

"அதுக்கு மருந்து நிக்காதும்மா. ஆபீசருங்க பதினஞ்சு நாளுக்கு ஒருமுறை வந்து அட்டியைப் பார்ப்பாங்க. தரையக் கூட்டுவோம். செவுத்துக்கு மருந்து அடிப்பாங்க" என்றார் பெரியப்பா.

"அப்போ நம்ம வேலையேதான்" என்றார் ஆயா.

அவர் சொன்னது சரி. புகைமூட்டம் உள்ளே இருப்பதைக் கொல்லும்; வெளியே இருந்து வருவதைத் தடுக்காது. லட்சம் மூட்டை இருக்கும் இடத்தில் வேப்பிலை செருகிக்கொண்டிருக்க முடியாது. அங்கே அந்த வாயு தேவைதான், ரேஷன் அரிசி நமக்கு உளுக்காமல் வருவது அதனால்தான். ஆனால் சுத்தம், உலர்வு, விடாத கண்காணிப்பு என்ற மூன்றும் இல்லாத இடத்தில் மாத்திரையும் தோற்கும். உலக உணவு வேளாண் அமைப்பு 1972-73-இல் பல நாடுகளில் நடத்திய ஆய்வில், சோதித்த பூச்சிக் கூட்டங்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்று அப்போதே பாஸ்பீனைத் தாங்கப் பழகியிருந்தது. அதன் பிறகு அந்த எதிர்ப்பு வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. சரியாக மூடாமல், குறைந்த நாள் வைத்து, அரைகுறையாகப் புகையடித்த இடங்கள்தான் அந்தப் பூச்சிகளை வளர்த்தன.

அம்பத்தூரில் நான் பாடம் நடத்திய வகுப்புகளில் தொழிற்பேட்டைக் குடும்பத்துப் பிள்ளைகள் அதிகம். அரிசி மூட்டையாக வீட்டுக்கு வரும். மாதக் கடைசியில் வண்டு ஊரும். "வேப்பிலை போட்டோம் டீச்சர், ஒண்ணும் ஆகல" என்பார்கள் அம்மாக்கள். அதற்காகவே வகுப்பில் நான்கு கண்ணாடிப் பாட்டில் வைத்தேன். முட்டை கண்ணுக்குத் தெரியும் என்பதால் அரிசிக்குப் பதில் நான்கிலும் ஒரே கடையில் வாங்கிய பச்சைப்பயறும் அங்கேயே பிடித்த பயறு வண்டுகளும். ஒன்றில் எதுவும் போடவில்லை. ஒன்றில் முழு வேப்பிலை. ஒன்றில் விளக்கெண்ணெய் பிசறிய பயறு. ஒன்றில் சலித்த சாம்பல். வாயைத் துணியால் கட்டிவிட்டோம். பிள்ளைகள் தினமும் வந்து பார்ப்பார்கள். ஒரு மாதம் தாண்டியதும் முதல் பாட்டிலில் பயறெல்லாம் வட்ட வட்டத் துளை. வேப்பிலைப் பாட்டிலிலும் துளைதான், கொஞ்சம் குறைவு. எண்ணெயிலும் சாம்பலிலும் பயறு முழுசாக இருந்தது. "அப்போ வேப்பிலை பொய்யா டீச்சர்?" என்றாள் முன்வரிசைப் பெண். அந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். முட்டை எங்கே இருக்கிறது, புழு எங்கே இருக்கிறது, இலை எதைத் தொடும், எண்ணெய் எதைத் தொடும் என்று அன்று முழுப் பாடமும் அந்தப் பாட்டில்களை வைத்தே நடந்தது. வேப்பிலை பொய்யில்லை, தனியாக விடப்பட்டிருந்தது. காய்ந்த தானியம், சுத்தமான பாத்திரம், மாதாமாதம் வெயில் என்ற வரிசையிலிருந்து அதை மட்டும் உருவி எடுத்து மூட்டையில் போட்டுவிட்டு, பலன் இல்லை என்கிறோம்.

இந்த வரிசையை மதித்து வேலை செய்கிற அறிவியல் நம் ஊரிலேயே இருக்கிறது. சென்னை லயோலா கல்லூரியின் பூச்சியியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் எஸ். இக்னாசிமுத்துவும் அவர் குழுவினரும் வேப்பெண்ணெயையும் புங்க எண்ணெயையும் சேர்த்துப் 'பொன்னீம்' என்ற பயிர்ப் பாதுகாப்பு மருந்தை உருவாக்கிக் காப்புரிமையும் பெற்றார்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் எஸ். மோகன் தானியத்துக்குள் செருகி வைக்கும் துளைக்குழாய்ப் பொறியை வடிவமைத்தார். தானியத்துக்குள் இருக்கும் வண்டு காற்றைத் தேடி நகரும். துளை வழியாகக் குழாய்க்குள் விழுந்து அடியில் சிக்கும். மருந்தே இல்லாத கருவி அது. எத்தனை வண்டு விழுந்தது என்று பார்த்தே மூட்டையின் நிலையைச் சொல்லிவிடலாம். ஆயாவின் கை பானைக்குள் போய்த் துழாவியதைத்தான் அந்தக் குழாய் இருபத்து நான்கு மணி நேரமும் செய்கிறது.

வீட்டுக்குள் கடும் மருந்து நுழைவதைப் பற்றி எனக்குள்ள பயம் வீண் பயமில்லை. 2024 நவம்பரில், பூந்தமல்லியிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள குன்றத்தூரில், பூச்சி ஒழிப்பு ஆட்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போன எலி மருந்தின் நெடி தாக்கி இரண்டு சின்னக் குழந்தைகள் இறந்துபோனார்கள். கிடங்குக்கென உள்ள நஞ்சு, ஜன்னல் சாத்தி ஏசி போட்டுப் படுக்கும் அறைக்குரியதில்லை. அரிசி மூட்டையில் வண்டு வந்தது என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பெயர் தெரியாத மாத்திரையை வாங்கி வைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். வண்டு விழுந்த அரிசியைச் சலித்து வெயிலில் காட்டினால் சாப்பிடலாம். நஞ்சு பட்ட அரிசியை எதுவும் மீட்காது.

இன்று எங்கள் பக்கம் களம் இல்லை. மொட்டை மாடி இருக்கிறது. குதிர் இல்லை, மூடியுள்ள எவர்சில்வர் டிரம் இருக்கிறது. செங்குன்றம் ஆலையிலிருந்து வரும் 25 கிலோ பை நேராகச் சமையலறைக்கே வந்துவிடுகிறது. அதற்கேற்ற வரிசையும் எளிதுதான். பழைய அரிசி தீர்ந்து, டிரம்மைத் துடைத்துக் காயவைத்த பிறகே புது அரிசியைக் கொட்டுங்கள். கொட்டும் முன் ஒருமுறை சலித்து நொய்யையும் தூசியையும் எடுத்துவிடுங்கள். நிழலில் காய்ந்த வேப்பிலையோ நொச்சியோ துணியில் முடிந்து போடுங்கள். முழுப் பயறை மாடியில் காயவைத்து, ஆறியதும் கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி விளக்கெண்ணெய் பிசறி வையுங்கள்; சமைக்கும் முன் கழுவினால் போதும். வசம்பைச் சாப்பாட்டுத் தானியத்தில் சேர்க்காதீர்கள். மாதத்துக்கு ஒரு நாள் எல்லா டப்பாவையும் திறந்து கையை விட்டுப் பாருங்கள்.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். வருகிற பங்குனியில் புதுப் பச்சைப்பயறு கடைக்கு வரும். கால் கிலோ வாங்கி இரண்டு பாட்டிலில் பிரித்து, ஒன்றில் மட்டும் எண்ணெய் பிசறிப் பிள்ளைகளின் கையில் கொடுங்கள். ஒரு லென்சும் கொடுங்கள். வெள்ளைப் புள்ளி எப்போது தெரிகிறது, துளை எப்போது விழுகிறது, எந்தப் பாட்டிலில் விழவில்லை என்று அவர்களே நோட்டில் எழுதட்டும். மரத்தடியில் பொறுக்கி வந்த வேப்பங்கொட்டையை இடித்து மூன்றாவது பாட்டிலில் போட்டுப் பார்க்கட்டும். கண்ணால் பார்த்துச் சோதித்த பிள்ளை இந்த அறிவைப் பழங்கதை என்று தள்ளவும் மாட்டாள், அற்புதம் என்று ஏமாறவும் மாட்டாள். தன் வீட்டு டிரம்முக்கு எது பொருந்தும் என்று அவளே முடிவு செய்வாள்.